லேப்டாப்ல இடம் இல்லையா? காசு செலவு பண்றதுக்கு முன்னாடி கணக்குப் பாருங்க



மாசக் கடைசியில "சம்பளம் எங்க போச்சுன்னே தெரியல" என்று சொல்றவங்கள நமக்குத் தெரியும். அதே ஆளோட லேப்டாப்பைத் திறந்து பார்த்தா சி டிரைவும் சிவப்புக் கோட்டுல நிக்கும். கேட்டா அதே பதில்தான். "512 ஜிபி வாங்கினேன், எங்க போச்சுன்னே தெரியல."

இதை ஏன் ஒரு பர்சனல் ஃபைனான்ஸ் பக்கத்துல எழுதணும்? காரணம் இருக்கு. டிஸ்க் நிறைஞ்ச அன்னைக்கு மூணு செலவு நம்ம வாசல்ல வந்து நிக்கும். ஒண்ணு, "மாசம் நூத்திச் சொச்சம்தான்" என்று வர்ற கிளவுட் ஸ்டோரேஜ் பிளான். ரெண்டு, "ஒரே கிளிக்கில் உங்கள் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறோம்" என்கிற கிளீனர் சாஃப்ட்வேர். மூணாவதுதான் பெருசு: "லேப்டாப் பழசாயிடுச்சு, நோ காஸ்ட் ஈஎம்ஐல புதுசு எடுத்துடலாம்." இந்த மூணும் தேவையே இல்லாத செலவாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தா தெரிஞ்சுடும்.

முதல்ல ஒரு சின்ன சந்தேகத்தைத் தீர்த்துடுவோம். 256 ஜிபி என்று வாங்கின லேப்டாப்பில் விண்டோஸ் 238 ஜிபி என்றுதான் காட்டும். 512 என்றால் 476 ஜிபி. கடைக்காரர் ஏமாத்தலைங்க. டிஸ்க் தயாரிக்கிறவங்க ஒரு ஜிபிக்கு 100 கோடி பைட் என்று கணக்கு வைக்கிறாங்க. விண்டோஸ் 1,024-ஐ மூணு தடவை பெருக்கி வர்ற எண்ணை ஒரு ஜிபி என்கிறது. அளவு ஒண்ணுதான், படி வேற. இதுபோக ரெக்கவரிக்கு என்று ஒரு சின்னப் பகுதியும் தனியாக ஒதுக்கியிருப்பாங்க. ஆக 256-ல் ஆரம்பிச்சவருக்கு விண்டோஸும் ஆபீஸும் போட்ட பிறகு கையில் நிக்கிறது 190-க்குள்ளதான். சிடிசியும் டேக்-ஹோமும் ஒண்ணு இல்லை என்று தெரிஞ்ச நமக்கு இது புதுசு இல்லை.

பெருசை முதல்ல பாருங்க

டிஸ்க் நிறைஞ்சதும் பெரும்பாலானவங்க பண்றது என்ன? டெஸ்க்டாப்பில் கண்ணில் படுற ஃபைலை எல்லாம் அழிக்கிறது. பழைய பிடிஎஃப், பழைய எக்செல், 2019-ல எடுத்த சேலரி ஸ்லிப். நூறு ஃபைலை அழிச்சுட்டு நிமிர்ந்து பார்த்தா 40 எம்பி கூடியிருக்கும். டீக்காசை மிச்சம் பிடிச்சு வாடகை கட்ட முயற்சி பண்ற கதைதான். இந்த வழியில் இன்னொரு ஆபத்தும் இருக்கு: அழிஞ்ச ஃபைல்கள் சின்னவை, ஆனா தேவைப்படுறவை. இடத்தைப் பிடிச்சிருக்கிற பெரிய ஃபைல்கள் கண்ணுக்கே தெரியாத ஃபோல்டர்களில் நிம்மதியா இருக்கும்.

அதனால அழிக்கிற வேலையை இப்போதைக்கு மறந்துடுங்க. முதல்ல பட்டியல் எடுக்கணும், அதுவும் அளவு வரிசையில்.

விண்டோஸ் 10, 11 ரெண்டிலும் இதுக்கு உள்ளேயே வசதி இருக்கு. செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அதுக்குள்ள ஸ்டோரேஜ். சில நொடி எடுத்துக்கிட்டு, ஆப்ஸ் எவ்வளவு, டெம்பரரி ஃபைல்ஸ் எவ்வளவு, டாகுமெண்ட்ஸ் எவ்வளவு என்று பிரிச்சுக் காட்டும். கீழே இருக்கிற "ஷோ மோர் கேட்டகரிஸ்" என்பதையும் அழுத்துங்க. அப்பதான் முழு பில்லும் வரும். ஆப்ஸ் பட்டியலை சைஸ் வரிசையில் மாத்தினா, ஒரு தடவை விளையாடிட்டு மறந்த கேம் 60 ஜிபியோட உச்சியில உட்கார்ந்திருக்கிறது தெரியும். சிலருக்குக் கதை இங்கேயே முடிஞ்சிடும்.

டெம்பரரி ஃபைல்ஸ் பக்கத்துல ஒரு விஷயத்துல கவனம். அங்கே விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன், தம்ப்நெயில்ஸ், ரீசைக்கிள் பின் என்று வரிசையா டிக் பெட்டிகள் இருக்கும். இதெல்லாம் போனால் போகட்டும். ஆனா அதே பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்று ஒரு வரியும் இருக்கும். டெம்பரரி என்று தலைப்பு இருக்கிறதால எல்லாத்துக்கும் டிக் போட்டுடாதீங்க. பேங்க் ஸ்டேட்மெண்ட், ஃபார்ம் 16, ரெண்ட் அக்ரிமெண்ட் எல்லாம் பல பேருக்கு டவுன்லோட்ஸில்தான் குடியிருக்கு.

அதே பட்டியலில் "ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்" என்று பெரிய எண் இருந்தால் அது ஒரு நல்ல செய்தி. விண்டோஸை புது வெர்ஷனுக்கு அப்கிரேட் பண்ணும்போது பழசை அப்படியே ஒரு ஓரமா வைச்சிருக்கும். பிடிக்கலைன்னா 10 நாளுக்குள்ள திரும்பிப் போகலாம் என்பதுக்காக. அதுக்கப்புறம் அதுவே அழிச்சுக்கணும். அவசரம் என்றால் புது வெர்ஷன் ஒழுங்கா ஓடுதா என்று பார்த்துட்டு நீங்களே அழிக்கலாம். ஒரே டிக்கில் 10, 20 ஜிபி வரைக்கும்கூட திரும்பி வரும்.

சந்து பொந்தெல்லாம் பார்க்க

செட்டிங்ஸ் காட்டுறது மேலோட்டமான கணக்கு. "அதர்" என்று ஒரு தலைப்புல 90 ஜிபி என்று வந்து நின்னா, அது கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட்டில் "மிசலேனியஸ்" என்று ஒரே வரியா போட்ட மாதிரி. பிரிச்சுப் பார்க்கணும்.

அதுக்கு விஸ்ட்ரீ, விண்டர்ஸ்டாட், ட்ரீசைஸ் ஃப்ரீ என்று மூணு டூல்கள் இருக்கு. சொந்த உபயோகத்துக்கு மூணுமே இலவசம். நான் சிபாரிசு பண்றது விஸ்ட்ரீ. விஸ்ட்ரீ விண்டோஸ் டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கிற ஃபைல் அட்டவணையை நேரா படிச்சுடும். அதனால சில நொடியில முடிச்சுடும். கம்பெனி உபயோகத்துக்கு லைசென்ஸ் வாங்கணும் என்பது அவங்க விதி. விண்டர்ஸ்டாட் ஓப்பன் சோர்ஸ், எந்தக் கேள்வியும் இல்லை. எதுவா இருந்தாலும் அவங்க சொந்த வெப்சைட்டில் இருந்து மட்டும் இறக்குங்க. கூகுளில் தேடும்போது மேல வர்ற விளம்பர லிங்க் வேண்டாம்.

டூலை ஓட்டினதும் சின்னதும் பெருசுமா கலர் கட்டங்கள் வரும். பெரிய கட்டம்னா பெரிய ஃபைல். அதை கிளிக் பண்ணினா எந்த ஃபோல்டரில் இருக்கு என்று காட்டும். இளம் வயசு சம்பளக்காரர்களோட லேப்டாப்பில் அடிக்கடி மாட்டுற ஆசாமிகளைச் சொல்றேன்.

ஐபோன் வைச்சிருக்கிறவங்க எப்பவோ ஒரு நாள் ஐட்யூன்ஸ்ல பேக்கப் எடுத்திருப்பாங்க. "மொபைல்சிங்க்" என்கிற ஃபோல்டரில் அது முழுசா சி டிரைவில் உட்கார்ந்திருக்கும். ஃபோனில் 80 ஜிபி நிறைஞ்சிருந்தால் இங்கேயும் அதில் பெரும்பகுதி. அந்த ஃபோனையே வித்திருப்பீங்க, பேக்கப் மட்டும் இருக்கும். ஃபோல்டரைத் தூக்கி அழிக்காம, ஐட்யூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் ஆப் உள்ளேயே போய் அந்தப் பேக்கப்பை நீக்குங்க.

அவுட்லுக் உபயோகிக்கிறவங்களுக்கு மெயில் பெட்டி முழுக்க ஒரே ஃபைலா லேப்டாப்பில் இறங்கியிருக்கும். பழைய அவுட்லுக்கில் அது 50 ஜிபி வரைக்கும் வளர அனுமதி உண்டு. அக்கவுண்ட் செட்டிங்ஸில் எத்தனை மாச மெயில் ஆஃப்லைனில் வேணும் என்று கேட்கும். "ஆல்" என்று இருந்தால் ஒரு வருஷம் என்று மாத்துங்க. மெயில் சர்வரில் பத்திரமா இருக்கும்.

வாட்ஸ்அப் டெஸ்க்டாப் ஆப். ஃபேமிலி குரூப், ஆபீஸ் குரூப், ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் குரூப் என்று எல்லா குட்மார்னிங்கும் ஃபோனில் ஒரு தடவை, லேப்டாப்பில் ஒரு தடவை இறங்கிட்டு இருக்கும். ஆப் செட்டிங்ஸில் ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்க. கல்யாண வீடியோ வேணும்னா அப்ப இறக்கிக்கலாம்.

ஐடி வேலையில இருக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. டாக்கர், டபிள்யூஎஸ்எல், ஆண்ட்ராய்டு எமுலேட்டர் இதெல்லாம் ஒரு மெய்நிகர் டிஸ்க் ஃபைல் வைச்சுக்கும். உள்ளே எழுத எழுத அது வளரும், ஆனா உள்ளே அழிச்சா தானா சுருங்காது. "கண்டெய்னர் எல்லாம் நீக்கிட்டேன், இடம் வரலையே" என்று குழம்புறவங்க இந்த ஃபைலைத்தான் தேடணும். அதைத் தனியா சுருக்கணும். பயிற்சிக்கு என்று ஆரம்பிச்ச இருபது ப்ராஜெக்ட்டுலயும் ஆளுக்கு ஒரு நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் இருக்கும். அது இன்னொரு கதை.

அப்புறம் சிஸ்டம் ஃபைல்கள். ஹைபர்ஃபில், பேஜ்ஃபைல் என்று ரெண்டு பெரிய கட்டம் தெரியும். முதலாவது ஹைபர்னேட் பண்ணும்போது மெமரியில் இருக்கிறதை எழுதி வைக்க. சாதாரணமா உங்க ரேமில் 40 சதவீதம் எடுத்துக்கும், 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல. ரெண்டாவது ரேம் பத்தாதபோது கைகொடுக்க. இது ரெண்டையும் விட்டுடுங்க. வின்எஸ்எக்ஸ்எஸ், சிஸ்டம்32, விண்டோஸுக்குள்ள இருக்கிற இன்ஸ்டாலர் ஃபோல்டர் இதெல்லாம் எவ்வளவு பெருசா தெரிஞ்சாலும் கையால தொடக்கூடாது. ஒரு ஃபைல் என்னன்னு உங்களுக்குத் தெரியலைன்னா அது அழிக்கிற பட்டியலில் வராது. அவ்ளோதான் விதி.

ஒன்டிரைவ்: இங்கதான் பணம் போகும்

இதைத் தனியா சொல்லணும். புது லேப்டாப்பை செட்டப் பண்ணும்போது டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூணையும் ஒன்டிரைவில் பேக்கப் பண்ற வசதி பல பேருக்கு அவங்க கவனிக்காமலே ஆன் ஆகியிருக்கும். இலவசமா கிடைக்கிறது 5 ஜிபிதான். நாலு போட்டோ ஃபோல்டரில் அது நிறைஞ்சிடும். உடனே "ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது, அப்கிரேட் செய்யுங்கள்" என்று மெயில் வரும். நாம அதை லேப்டாப் டிஸ்க் நிறைஞ்சதுன்னு நினைச்சு பிளான் வாங்குவோம்! ரெண்டும் வேற வேற கணக்கு. எது நிறைஞ்சிருக்கு என்று முதல்ல பாருங்க. கூகுளிலும் இதே கதைதான். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூணுக்கும் சேர்த்து 15 ஜிபி. 2021 ஜூன் 1-லிருந்து போட்டோஸும் அதிலேயே கழியுது.

ஒன்டிரைவ் ஃபோல்டரில் ரைட் கிளிக் பண்ணினா "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" என்று ஒரு வரி வரும். அதை அழுத்தினா ஃபைல் கிளவுடில் இருக்கும், லேப்டாப்பில் பேர் மட்டும் தெரியும். இடம் மிச்சம். "டிலீட்" அப்படி இல்லை. கிளவுடிலும் போயிடும், ஃபோனிலும் போயிடும். பர்சனல் அக்கவுண்ட்டில் 30 நாள் ரீசைக்கிள் பின்னில் இருக்கும், அதுக்கப்புறம் கிடையாது. இந்த ரெண்டு வரியும் மெனுவில் ஒரு விரல்கடை தூரத்துலதான் இருக்கு, பார்த்து அழுத்துங்க.

ஒரு ஃபோல்டர் நிஜமாவே இடத்தை எடுக்குதா என்று தெரிய, ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாருங்க. "சைஸ்", "சைஸ் ஆன் டிஸ்க்" என்று ரெண்டு எண் இருக்கும். முதலாவது 80 ஜிபி, ரெண்டாவது 2 ஜிபி என்றால் பெரும்பகுதி கிளவுடில் இருக்கு, அதை அழிச்சு உங்களுக்கு லாபம் 2 ஜிபிதான்.

மேக் வைச்சிருக்கிறவங்களுக்கு: சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதுக்குள்ள ஸ்டோரேஜ். "சிஸ்டம் டேட்டா" என்று பெருசா காட்டினால் பயப்படாதீங்க. டைம் மெஷின் எடுக்கிற லோக்கல் ஸ்னாப்ஷாட்டும் அதில் சேரலாம், இடம் தேவைப்படும்போது அதுவே விட்டுக்கொடுக்கும். பிரிச்சுப் பார்க்க கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ் என்கிற இலவச டூல் போதும்.

அழிக்கக்கூடாத சின்ன ஃபைல்கள்

ஃபார்ம் 16, சேலரி ஸ்லிப், ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், பங்கு வாங்கி வித்த கான்ட்ராக்ட் நோட், மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மெண்ட். இதெல்லாம் ஒவ்வொண்ணும் சில நூறு கேபிதான். பத்து வருஷ வேலைக்கான காகிதம் மொத்தமா சேர்த்தாலும் பெரும்பாலும் ஒரு ஜிபியைத் தாண்டாது. இதை அழிச்சு யாரும் டிஸ்க்கைக் காப்பாத்தினது இல்லை.

ஆனா இழந்தால்? 26ஏஎஸ் மாதிரி விஷயங்களை வருமான வரி போர்ட்டலில் திரும்ப எடுத்துக்கலாம். பழைய கம்பெனியோட சேலரி ஸ்லிப்பை எடுக்க முடியுமா? வேலையை விட்டதும் ஹெச்ஆர் போர்ட்டல் லாகின் போயிடும். நாலு வருஷம் கழிச்சு ஹோம் லோனுக்கோ, வெளிநாட்டு விசாவுக்கோ, புதுக் கம்பெனி பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கோ கேட்கும்போது பழைய ஹெச்ஆருக்கு மெயில் மேல மெயில் போட்டுக் காத்திருக்கணும். அதனால சுத்தம் பண்றதுக்கு முன்னாடி, நிதியாண்டு வாரியா ஒரு ஃபோல்டர் போட்டு (2022-23, 2023-24 என்று) இதையெல்லாம் அதுக்குள்ள தள்ளுங்க. ஒரு பென் டிரைவிலும் இலவச கிளவுட் 15 ஜிபிக்குள்ளயும் ஒவ்வொரு காப்பி. இதுக்கு ஒரு ரூபா செலவு இல்லை.

இப்ப செலவுக் கணக்கு

எல்லாம் பார்த்த பிறகும் இடம் பத்தலைன்னா செலவு பண்ணலாம், தப்பில்லை. 4கே வீடியோ எடுக்கிறவங்களுக்கு, எடிட் பண்றவங்களுக்கு நிஜமாவே இடம் வேணும். எதுக்குச் செலவு என்பதுதான் கேள்வி.

கிளீனர் சாஃப்ட்வேருக்கு வேண்டவே வேண்டாம். மேல சொன்னதுல பாதியைத்தான் அது பண்ணும், அதுவும் நீங்க பார்க்காம. இதுல ஒரு கண்ணி இருக்கு. முதல் வருஷம் தள்ளுபடி விலை, அடுத்த வருஷம் ஆட்டோ ரினிவல். ஆர்பிஐ விதிப்படி இந்த மாதிரி ஆட்டோ டெபிட்டுக்கு முதல் தடவை ஒப்புதல் கொடுத்துட்டா, 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்கத் தேவையில்லை. 24 மணி நேரம் முன்னாடி ஒரு மெசேஜ் வரும். அதை நாம யாரும் படிக்கிறது இல்லை. ஏற்கெனவே வாங்கியிருந்தால் உங்க பேங்க் ஆப்பில் மேண்டேட் பகுதிக்குப் போய் இன்னைக்கே ரத்து பண்ணுங்க.

கிளவுட் பிளான் மாசம் 130 ரூபாய் என்று வைச்சுக்குவோம். வருஷத்துக்கு 1,560, அஞ்சு வருஷத்துக்கு 7,800. நாலு டிவைஸில் ஒரே ஃபைல் வேணும், ஃபோன் தொலைஞ்சாலும் போட்டோ போகக்கூடாது என்றால் அது நியாயமான விலை. பழைய சினிமாவையும் கேம் ஃபைலையும் வைக்கிறதுக்கு என்றால் நியாயம் இல்லை, அதுக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் போதும். ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: லேப்டாப்பில் இருந்து எக்ஸ்டர்னலுக்கு நகர்த்தின ஃபைலுக்கு ஒரே ஒரு காப்பிதான் இருக்கு. குழந்தை போட்டோவை அப்படி வைக்காதீங்க.

புது லேப்டாப் வாங்குறதுக்கு முன்னாடி, இருக்கிற லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாத்த முடியுமா என்று மாடல் பேரைப் போட்டுத் தேடுங்க. நிறைய விண்டோஸ் லேப்டாப்பில் மாத்தலாம், சிலதில் ரெண்டாவது ஸ்லாட்டே காலியா இருக்கும். இப்ப வர்ற மேக்புக்கில் நடக்காது. மாத்தப் போறீங்கன்னா பிட்லாக்கர் ரெக்கவரி கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் இருக்கா என்று முன்னாடியே பார்த்து எழுதி வைச்சுக்குங்க. கடைக்குப் போன பிறகு தேடினா டென்ஷன்தான்.

"ஈஎம்ஐக்கு வட்டியே இல்லையே ப்ரோ" என்பவர்களுக்கு: நோ காஸ்ட் ஈஎம்ஐயில் வட்டி இருக்கு. அந்தத் தொகையைத் தள்ளுபடியா முன்னாடியே கழிச்சுடுறாங்க, பேங்க் அதை வட்டியாத்தான் பிடிக்கும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில. வட்டிப் பகுதி 4,500 ரூபாய் என்றால் ஜிஎஸ்டி 810. ப்ராசசிங் ஃபீஸ் தனி. தள்ளுபடியைக் கையில் வாங்கி முழுப் பணம் கட்டியிருந்தா எவ்வளவு என்பதையும் பக்கத்துல எழுதிப் பாருங்க.

கடைசியா ஆபீஸ் லேப்டாப் பத்தி. மேல சொன்ன டூல் எதையும் அதுல ஏத்தாதீங்க. உங்க கம்பெனி பாலிசியை மீறின மாதிரி ஆகும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கம் பார்க்கிறதோட நிறுத்திட்டு ஐடி டீமுக்கு டிக்கெட் போடுங்க, இடம் கொடுக்கிறது அவங்க வேலை. உங்க சொந்த போட்டோவும் ஃபார்ம் 16-ம் அதில் இருந்தால் இந்த வாரமே, கம்பெனி அனுமதிக்கிற வழியில, உங்க சொந்த இடத்துக்கு மாத்திக்குங்க. பேப்பர் போட்ட அன்னைக்கே சில கம்பெனிகளில் யுஎஸ்பியும் பர்சனல் மெயிலும் பிளாக் ஆயிடும்.

விஸ்ட்ரீயில் எந்தக் கட்டம் எதைக் காட்டுது என்பதை எழுத்தில் சொல்றதைவிட கண்ணால பார்க்கிறது சுலபம். அதை ஸ்கிரீன் ரெக்கார்டிங்கோட நம்ம சேனல் வீடியோவில் காட்டியிருக்கேன், பாருங்க.